மூன்றாவது வரிசையில் என் மனைவி

ஜனவரி 8
சமுதாயக் கல்லூரியில் மாலை வகுப்பு தொடங்கியது. பெரியவர்களுக்கான அடிப்படைக் கணிதம், பதினேழு பேர். வழக்கமான என் முதல் நாள் வசனம்: “எந்தக் கேள்வியும் முட்டாள்தனமில்லை.” வெல்டர் ஒருவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மூன்றாவது வரிசையில் என் மனைவி. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை!

ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருக்கிறாள்; நர்சிங் படிக்கக் கணிதத்தில் தேற வேண்டுமாம்.

“வீட்டுலயே கேட்டிருக்கலாமே?” என்றேன், திரும்பி வரும்போது.

“கேட்டேனே, போன வருஷம். ‘இதுகூடத் தெரியாதா’ன்னீங்க. அங்க வர்றவங்ககிட்ட நல்லாப் பேசறீங்களாம். அதான் பேர் குடுத்துட்டேன்.”

ஜனவரி 15
வகுப்பில் அவளை ‘நீங்க’ என்கிறேன். அவள் ‘சார்’ என்கிறாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் இவ்வளவு மரியாதை இருவருக்குமே புதிது.

ஜனவரி 22
பின்ன வகுத்தல். மூன்றாம் முறையாகக் கை தூக்கினாள். “சார், ஏன் தலைகீழாக் கவுத்துப் பெருக்கணும்?”

இதே விதியை வெல்டருக்கு ஆறு முறை சிரித்தபடி சொன்னவன்தான் நான். அவளிடம் — “எத்தனை தடவைடி சொல்றது!”

வெல்டர் எழுந்தார். “அவங்க உங்களுக்கு யாரா வேணா இருக்கட்டும் சார். இங்க எங்ககூடப் படிக்கிறவங்க.”

ஜனவரி 23
அவள் பேசவில்லை. சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜனவரி 29
அடுத்த அறைக்கு, வேறு ஆசிரியையிடம் மாறிவிட்டாள். படிவத்தில் எழுதிய காரணம்: ‘நேரம் ஒத்துவரவில்லை.’ இரண்டு வகுப்பும் ஆறு மணிக்குத்தான். என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். அதற்கும் சேர்த்து வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 12
ஏன் கவிழ்த்துப் பெருக்குகிறோம் என்று இன்று வெல்டரும் கேட்டார். யோசித்தால்... இருபத்திரண்டு வருடமாக நானும் மனப்பாடம்தான் ஒப்பித்திருக்கிறேன். “நாளைக்குச் சொல்றேன்” என்றேன்.

அவளிடம் அன்றைக்கு எனக்கு வந்தது கோபம்தானா?

மே 20
தேறிவிட்டாள். எனக்குச் சொன்னது கல்லூரிக் காவலாளி.

ஜூலை 6
நர்சிங் வகுப்புக் கணக்கு நோட்டை மேசையில் விரித்து வைத்துவிட்டு, நாற்காலியில் கிடந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். ஐந்நூறு மில்லி சலைன், நான்கு மணி நேரம், மில்லிக்கு இருபது துளி. நிமிடத்துக்கு எத்தனை? அவள் விடை 42. மனசுக்குள் நான் போட்டது 41.67.

வாய்வரை வந்ததை விழுங்கினேன். “நாப்பத்திரெண்டு எப்படி வந்துச்சு?”

நிமிர்ந்து பார்த்தாள். “கட்டில் பக்கத்துல நின்னு எண்ணிப் பாருங்க. அரையும் முக்காலுமாத் துளி விழாது.”

சரிதான் என்றேன்.

துணியை எடுத்து நாற்காலியைக் காலி பண்ணினாள். உட்கார்ந்தேன்.