ஐந்தாவது பாட்டில் என் இடது கை

ஸ்லைகோ
4 மார்ச் 2009

அன்புள்ள கிரான்யா,

நலம். மழை விட்டபாடில்லை. தொலைபேசியில் கோபப்பட்டால் எனக்கு வாக்கியம் முடிவதில்லை, ஆகவே எழுதுகிறேன்.

உங்கள் குழுவின் முதல் இசைத்தட்டு அச்சுக்குப் போகும் முன் நீ அனுப்பிய குறுந்தகடு வந்து சேர்ந்தது. ஒரு குழு தனக்கு ‘நனைந்த ஆடுகள்’ என்று பெயர் வைத்துக்கொள்வதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ‘கொட்டகைக்குள் கடல்’ என்ற தலைப்பைப் பற்றியும் சொல்லவில்லை. ஐந்தாவது பாட்டில் ஆர்மோனியம் வாசித்தவள் நான் அல்லவா? பூசை முடிந்ததும் கோவில் பாடற்குழுவைத் தேநீருக்கு அழைத்தேன். தவக்காலம், கேக் இல்லை. ஆனால் நல்ல கோப்பைகளை எடுத்து வைத்தேன். பெருமைதான், மறைப்பானேன்.

முதல் பாட்டுக்கே கோல்மன், “என்னம்மா இது, வாத்தியத்தையெல்லாம் கெணத்துக்குள்ள எறக்கிட்டாங்களா?” என்றார்.

“சும்மா இருங்க. டப்ளின்ல காசு குடுத்து கேக்குறாங்களாம்” என்றாள் கான்செப்டா. எல்லாரும் சிரித்தோம்.

பிறகு ஐந்தாவது பாட்டு வந்தது. அது நான் வாசித்ததல்ல, கிரான்யா. வலது கை ஒழுங்காகப் போகிறது. இடது கை ஒவ்வோர் அடியிலும் பின்தங்கி, நொண்டி, சில இடங்களில் தவறான கட்டையில் விழுகிறது. கன்னியர் மடத்தில் மதர் பெனிக்னஸிடம் கற்றவள் நான். உன் அப்பாவைக் கைப்பிடித்த வருடத்திலிருந்து கோவிலில் வாசிக்கிறேன். கான்செப்டா தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். கோல்மன்கூடக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் குழுவின் ரூரி தன் ஒலிநாடா இயந்திரத்தில் கிதாரைத் திருப்பி ஓட்டுவான், மணியோசையை இழுப்பான், குரலைக் குழைப்பான் என்று நீயே சொன்னாய். கிதாரை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். என் கையை வைத்து வேடிக்கை காட்ட யார் அனுமதி கொடுத்தது? சின்ன வயதில் உன்னை உட்காரவைத்து வாசிக்க வைத்ததற்கு இது பதிலா?

சரிசெய். முடியாவிட்டால் எடுத்துவிடு.

உன் தாய்,
டிம்ப்னா ஹெராட்டி


டப்ளின்
10 மார்ச் 2009

அன்புள்ள அம்மா,

என்னை மன்னித்துவிடுங்கள். நீங்கள் சொன்னது சரிதான், அது ரூரி செய்த வேலை. “அம்மாவோட எடது கைய மட்டும் கொஞ்சம் இழுத்துவிட்டா, அலை கரைக்கு லேட்டா வர்ற மாதிரி இருக்கும்” என்றான். நானும் தலையாட்டிவிட்டேன். உங்களைக் கேட்டிருக்க வேண்டும்.

பழிவாங்க இல்லை அம்மா. தட்டு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். ஆனால் நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். மாதக் கடைசியில்தான் அச்சு. அதற்குள் வேறு ஒருவரை வாசிக்கவைத்துச் சேர்த்துவிடுகிறோம். கான்செப்டா அத்தையிடமும் மற்றவர்களிடமும் எல்லாம் இயந்திரம் செய்த கோலம் என்று சொல்லிவிடுங்கள்.

விரல்களுக்கு ஒத்தடம் கொடுக்கிறீர்களா? இந்தக் குளிரில் கையுறை இல்லாமல் கோவிலுக்குப் போகாதீர்கள்.

அன்பு மகள்,
கிரான்யா


ஸ்லைகோ
22 மார்ச் 2009, ஞாயிறு

என் அன்பு மகளே,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே கான்செப்டா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே படித்துக் காட்டினேன். “அதானே! நான் அப்பவே நெனச்சேன்” என்றாள். கொஞ்சம் வேகமாகவே சொன்னாள்.

திரும்பி வரும்போதுதான் யோசித்தேன். நீங்கள் பதிவு செய்ய வந்த அன்று நம் வரவேற்பறையில் இருந்தது ஒரே ஒரு மைக். திரு இருதயப் படத்தை மறைக்கிறது என்று ரூரியைத் திட்டி நானே நகர்த்தவைத்தேன். இரண்டு கையும் ஒன்றாகப் பதிந்திருக்கும்போது ஒரு கையை மட்டும் எப்படி இழுக்க முடியும்? பாதி வழியில் திரும்பிப் போய் மறுபடி அவள் கதவைத் தட்டினேன்.

“எவ்வளவு நாளா?” என்றேன்.

எதைக் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. “போன ஈஸ்டர்லேருந்து. உள்ள வாடி, மழையில நிக்காத.”

“ஃபாதருக்கும் தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியும், டிம்ப்னா. யாரு வந்து உங்கிட்ட சொல்றது? எங்கள கடிச்சுத் தின்னுட மாட்ட?”

வாசிக்கும்போது என் தலைக்குள் இருந்த இசைதான் எனக்குக் கேட்டிருக்கிறது. ஞாயிறுதோறும் கோவில் முழுவதும் எனக்குப் பாவம் பார்த்திருக்கிறது. நானோ ஒத்திகையில் அவர்களை நிற்கவைத்து, தாளம் இழுக்கிறது, காது இல்லையா என்று கேட்டிருக்கிறேன். கோல்மனை இரண்டு முறை எல்லார் முன்னாலும் தனியாகப் பாடவைத்தேன். அவர் வாய் திறக்காமல் பாடினார் என்றுகூடச் சொன்னேன். உனக்கு என்னென்ன எழுதினேன் என்பதை இங்கே திரும்ப எழுத எனக்குக் கை வரவில்லை. பொய் சொன்னதற்காக உன்னை மண்டியிட வைத்தவள் நான். எனக்காக நீ எழுதிய பொய்யை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது? வெட்கமாக இருக்கிறது, கிரான்யா.

கோவில் ஆர்கன் சாவியை ஃபாதர் மல்டூனிடம் கொடுத்துவிட்டேன். “கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்குங்கம்மா” என்றார். “ஓய்வு இல்ல சாமி, முடிஞ்சுது” என்றேன். அவர் சாவியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இன்று ஓர் இளம் ஆசிரியை வாசித்தாள். சுத்தமான கை. நான் பின்னால் தூணோரம் உட்கார்ந்திருந்தேன். முன்னிசை முடிந்தது, பாடற்குழு தொடங்கவில்லை. அந்தப் பெண் பதறித் திரும்பிப் பார்த்தாள். கான்செப்டாவும் கோல்மனும் மற்றவர்களும் மூச்சை இழுத்துப் பிடித்தபடி நின்றிருந்தார்கள். பிறகு அவசரமாகத் தொடங்கினார்கள். அடுத்த அடியிலும் அதேதான். அதற்கடுத்த அடியிலும். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர்கள் என் இடது கைக்காகக் காத்திருந்தார்கள்.

ஐந்தாவது பாட்டை மாற்றாதே. வேறு யாரையும் உட்காரவைக்காதே. தட்டின் உறையில் என் பெயரைப் போடு. யாராவது கேட்டால் இயந்திரம் என்று சொல்லாதே. அம்மாவின் கை என்று சொல்.

அம்மா