பட்டனில் கட்டிய கம்பி

பாய்,

இன்று காலை ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையைக் கடந்தேன். சூடான எண்ணெயும் இரும்பும் கலந்த வாடை. உடனே உங்களோடு பேச வேண்டும்போல் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல், பத்திரிகையில் நான் எழுதிய செய்தியை வெட்டி எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு வந்தீர்கள். உங்கள் கம்பெனியில் தளி ஊர்க்காரர் ஒருவருக்குத் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் இரண்டு விரல் போன செய்தி. 'கவனக்குறைவால்' என்று எழுதியிருந்தேன்.

"யாரோட கவனக்குறைவு சார்?"

"கம்பெனியில அப்படித்தான் சொன்னாங்க பாய்."

இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் அந்த மெஷின் இறங்கும். கை உள்ளே போகாமலிருக்க அந்த ஏற்பாடு. வேகத்துக்காக ஒரு பட்டனைக் கம்பியால் அழுத்திக் கட்டிவிடுவார்கள் என்றீர்கள். பிறகு குரல் இறங்கியது.

"சூப்பர்வைசர் சொன்னாரு. கட்டினது நான்தான்."

திங்கட்கிழமை விசாரணை. விரல் போனவருக்கே வேலையும் போகவிருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த, நீங்கள் சாச்சா என்று அழைக்கும் உங்கள் சித்தப்பா சமாதானம் சொன்னார்: "அவன் நஸீபு, தலையெழுத்து அப்படி. அல்லா எழுதினதை நீ மாத்துவியாடா?"

நீங்கள் எழுந்தே விட்டீர்கள். "எழுதினான் சாச்சா, யாரு இல்லேன்னது? நெருப்பு சுடும்னு எழுதினான். பிரஸ் இறங்கினா நசுங்கும்னு எழுதினான். ஒவ்வொண்ணுக்கும் ஒரு அளவு வச்சிருக்கான்னு மறையில இருக்கே, அதுதான் விதி. கம்பியைக் கட்டுன்னு எங்க எழுதியிருக்கு?"

"மார்க்கம் சொல்ல பெரிய ஆலிம் வந்துட்டாரு! எழுதிக்குங்க ரிப்போர்ட்டர் சார்" என்றார் சாச்சா.

நான் எழுதிக்கொள்ளவில்லை. புல்லரித்துப் போய் உட்கார்ந்திருந்தேன். தன்னை மாற்றிக்கொள்ளாத கூட்டத்தை இறைவன் மாற்றுவதில்லை என்று குர்ஆனின் புதிய விளக்கவுரைகளில் படித்ததை நீங்கள் விரல் மடக்கிச் சொல்லச் சொல்ல, டீ ஆறிப்போனது. காரணம் தேடுவதுதான் என் தொழில். அதை வழிபாடுபோலச் செய்கிறவரை அன்றுதான் பார்த்தேன்.

திங்கட்கிழமை கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்றேன். ஓட்டமும் நடையுமாக வந்தீர்கள்.

"சொல்லிட்டேன் சார்! அவனுக்கு வேலை இருக்கு!"

"உங்களுக்கு?"

"போச்சு" என்று சிரித்தீர்கள். "சாச்சாகிட்ட சொல்லிடாதீங்க, இதையும் நஸீபும்பாரு."

மறுநாள் என் செய்தியைத் திருத்தி எழுதினேன்.

உங்கள் ஜனாஸாவுக்குத் தளிக்காரரும் வந்திருந்தார். மீதமிருந்த மூன்று விரலால் மண் அள்ளிப் போட்டார்.

இப்போதும் விபத்து என்றால் அந்த இடத்துக்கே போய் நிற்கிறேன் பாய். 'எதிர்பாராத விதமாக' என்று எழுதுவதற்கு முன் இன்னும் ஒருவரைக் கேட்கிறேன். பெரும்பாலும் அந்தச் சொல்லுக்குத் தேவை இருப்பதில்லை.