பக்கத்தின் அடியில் ஒரு நம்பர்

மல்லாங்கிணறு
2.9.2007

அன்புத் தம்பி ஜெயச்சந்திரனுக்கு,

இங்கு எல்லோரும் சுகம், பருத்திதான் இல்லை.

உங்கள் கம்பெனியின் விவசாய இணையதளத்தைப் பார்க்கச் சொன்னாயே, அதற்காக விருதுநகர் போனேன். முதலில் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. கம்ப்யூட்டர் கடைக்காரர் ஏதோ செய்து படிக்க வைத்தார். பருத்திப் பக்கத்தில் 'ஆடியில் விதைக்கவும்' என்று இருந்தது. கரிசலில் மானாவாரிக்குப் புரட்டாசிதான் என்று எனக்குத் தெரியாதா? நான் வாங்கின விதை புது ரகமாயிற்றே, விதைக்கிற பட்டமும் புதிதாக இருக்கும் என்று விதைத்தேன். ஒரு மழைக்கு முளைத்தது. மறுமழை வராமல் கருகிவிட்டது. பக்கத்தின் அடியில் இருந்த நம்பருக்கு ஏழு தடவை போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை.

"மறுபடி போச்சுன்னா பேசாம பட்டாசுக் கம்பெனி வண்டியில ஏறிரு" என்கிறார் உன் மச்சான். ஏற மாட்டேன். எட்டு வருடம் மருந்து வாடையில் கிடந்தது போதும். பாதி விதை இன்னும் கையில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை எழுதினவர் யார் என்று மட்டும் விசாரித்துச் சொல். அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

உன் அக்கா,
அய்யம்மாள்

சென்னை
9.9.2007

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். எழுதினவன் நான்தான்.

தளம் திறப்பதற்குள் நூறு பக்கம் வேண்டும் என்றார்கள். கிணற்றுப் பாசனத்துக்கான கையேடு ஒன்றைப் பார்த்துத் தட்டினேன். 'இறவைப் பருத்தி' என்ற தலைப்பு கட்டத்துக்குள் அடங்கவில்லை. தண்ணீர் இறைத்துப் பாய்ச்சும் நிலத்துக்கு என்று காட்டும் 'இறவை'யை எடுத்துவிட்டேன். கரிசல்காட்டில் பிறந்தவனுக்கு அது உறைக்கவில்லை. அந்த போன் என் மேஜைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அடிப்பது கேட்கும், எடுப்பது யார் வேலை என்று யாருக்கும் சொல்லவில்லை.

பக்கத்தை நீக்கிவிட்டேன். இனி ஊருக்கு எந்த முகத்தோடு வருவேன்?

ஜெயச்சந்திரன்

மல்லாங்கிணறு
4.11.2007

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கோபத்தோடேயே உழவு ஓட்டிப் புரட்டாசியில் மிச்ச விதையைப் போட்டேன். இப்போது நாலு இலை விட்டிருக்கிறது. பட்டாசுக் கம்பெனி வண்டி தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போகிறது.

பக்கத்தை ஏன் நீக்கினாய்? திரும்பப் போடு. 'இறவை' தலைப்பிலேயே இருக்கட்டும். கட்டம் பத்தாவிட்டால் கட்டத்தைப் பெரிதாக்கு. மானாவாரிக்குத் தனிப் பக்கம் நான் சொல்கிறேன், நீ எழுது. எந்த ஊர், என்ன மண், எந்த வருடம் என்று முதல் வரியிலேயே வேண்டும். ஆடியில் கருகினதையும் மறைக்காதே. அடியில் என் பெயரைப் போடு.

பொங்கலுக்கு வா. உன் மச்சானை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தீபாவளி கழிந்து திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்த நம்பருக்குக் கூப்பிடுவேன். நீ எடு.

அக்கா