கேற்றடியில் ஊதச் சொல்கிறார்கள்

இஞ்சாருங்கோ,

நீங்கள் கிரேன் ஓட்டிய அந்தத் துறைமுகக் கிடங்கின் கேற்றடியில், வாசலிலேயே, இப்போது ஒரு கூடாரம் போட்டிருக்கிறார்கள். உள்ளே கைக்குள் அடங்கும் ஒரு கருவி. அதற்குள் ஊதினால் மூச்சை வைத்தே சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருக்கிறதா என்று சொல்லுமாம். துப்பலில் தொட்டுப் பார்க்கும் காகிதப் பட்டி ஒன்றும் உண்டு. வெற்றிலை போட்டவர்கள் அதைச் சிவப்பாக்கிவிட்டு முழிக்கிறார்களாம். நம் மகன் நிரூபன் சொல்லிச் சிரித்தான். அவனுக்கும் இப்போது அங்கேதான் வேலை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதே கேற்றடிதானே. அன்று காலை உங்கள் வாயில் ஒரு பழவாசம், காலும் தள்ளாடியது. வாசலில் நின்றவன் மோந்து பார்த்து, வெறியில் வந்திருக்கிறார் என்று திருப்பி அனுப்பினான். சாராயப் போத்தலின் மூடியைக்கூடத் திறந்தறியாத மனிதர் நீங்கள். திரும்பி வந்த கப்பல்துறை பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்களும் எழும்பிப் போனார்களாம். வீட்டுக்கு வந்து தண்ணி கேட்டீர்கள், அதற்குப் பிறகு பேச்சில்லை. சீனி கண்டபடி ஏறியிருக்கிறது, அந்த வாசமும் அதனால்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது கேட்க நீங்கள் இல்லை. செத்தவீட்டிலும் சிலர் குடியைப் பற்றித்தான் குசுகுசுத்தார்கள்.

இந்தக் கருவி அன்று இருந்திருந்தால் நீங்கள் இப்போது இருப்பீர்களோ? இருக்கலாம். ஆனால் ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையும் எனக்குத் தெரியும். உங்களை மோந்துவிட்டுத் துரத்திய இடத்துக்கு, இப்போது எல்லாருடைய மூச்சிலும் என்ன திடீர் அக்கறை? நிரூபனுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, வருத்தம் என்று தெரிந்தால் நிற்பாட்டிவிடவும் கூடும். கொஞ்ச நாளாக அவன் போத்தல் போத்தலாகத் தண்ணி குடிப்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்டால் வெயில் என்கிறான்.

வேலை செய்பவர்களின் வீட்டாரும் ஊதிப் பார்க்கலாம் என்றார்கள். போனேன். கந்தசட்டி விரதம், தண்ணியும் மிளகும்தான். வேண்டுமென்றே சொல்லவில்லை, கருவியின் கெட்டித்தனத்தைப் பார்ப்போமே என்று. ஊதினேன். வருத்தம் இருந்தால் சிவப்பு விளக்கு எரியுமாம். சிவப்பு.

கருவியோடு இருந்தது கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் பிள்ளை. என் முகத்தைப் பார்த்து, விரதமா என்று கேட்டாள். நோன்பு காலத்தில் தனக்கும் இப்படித்தான் காட்டியதாம். பட்டினி கிடந்தாலும் மூச்சில் பழவாசம் தரும் அதே பொருள்தான் கூடுமாம், இரத்தம் பார்த்தால்தான் உறுதியாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று உங்களிடம் ஒருவராவது இப்படி ஒரு கேள்வி கேட்டார்களா?

"பிள்ளை, இந்த முடிவு ஆருக்குப் போகும்?"

"உங்கட போனுக்கு வரும். ஒபிசுக்கும் போகும் அன்ரி."

"நான் விரதம் எண்டதும் போகுமோ?"

"இல்ல அன்ரி. சிவப்பு எண்டது மட்டும்தான் போகும்."

அந்தப் பிள்ளையில் குற்றமில்லை. ஆனால் உங்களுக்கு நடந்ததும் இதுதானே? வாசம் மட்டும் உள்ளே போனது. ஏன் என்பது வெளியே நின்றுவிட்டது.

நாளைக்கு நிரூபனின் முறை. போகாதே என்றேன். "எல்லாரும் ஊதினவை. நான் மட்டும் ஊதாட்டி என்ன நினைப்பினம் அம்மா?" என்றான். அதுவும் சரிதான். ஊதினாலும் பயம், ஊதாவிட்டாலும் பயம்.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். விடிந்ததும் அவனைக் கேற்றடிக்கு விடாமல் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இரத்தம் பார்ப்பிப்பேன். வருத்தம் இருந்தால் முதலில் எங்களுக்குத் தெரியட்டும், மருந்து தொடங்கட்டும். அதற்குப் பிறகு போய் ஊதட்டும். நானும் பக்கத்தில் நிற்பேன். சிவப்பு விழுந்தால் ஏன் என்று அவர்களைக் கேட்க வைப்பேன். உங்களைத் தனியாகத் திருப்பி அனுப்பினார்கள். நம் பிள்ளையை அப்படி அனுப்ப நான் விடமாட்டேன், இது சத்தியம்.

உங்கட மனுசி,
தவமணி