கோவிந்து அண்ணனைக் கொலைகாரனாக்கிய படம்

பிப்ரவரி 1, ஞாயிறு

காலையில் பனி. எதிர் வீடு தெரியவில்லை. நம் வயலுக்குத் தண்ணீர் முறை வியாழக்கிழமை என்று கோவிந்து அண்ணன் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஏரி மதகைத் திறந்து வயல் வயலாக முறை வைத்துத் தண்ணீர் விடுகிறவர் அவர்தான். புதுச் சட்டை. "நாங்களும் இன்னிக்கிதாம்மா படத்துக்குப் போறோம்" என்றார்.

வாங்க வேண்டியது: பூச்சி மருந்து, காபித் தூள், வீ.கா.வுக்கு (வீட்டுக்காரருக்கு) பனியன்.

மதியம் பாண்டியில் 'மதகில் ஒரு முகம்'. நான், வீ.கா., ஓரகத்தி கௌரி. நாவல் என் பையில். ஆறு முறை படித்தது. போன வருஷம் பாதிப் படத்தை நம் ஏரியில்தான் எடுத்தார்கள்.

மாலை. வந்தாயிற்று. வயிறு எரிகிறது.

நாவலில் கொலைகாரன் ரைஸ்மில் முதலாளி. கண்டுபிடிப்பவர் மதகு திறக்கிற பெரியவர். முறை இல்லாத நாளில் ஒரு வயலில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து, பிணத்தை இழுத்து வந்த தடத்தை அழிக்க எவனோ மதகைத் திறந்திருக்கிறான் என்று பிடித்துவிடுவார். போலீஸே அவர் பின்னால்தான் நடக்கும்.

படத்தில்? மதகுக்காரர்தான் கொலைகாரன்! மில் முதலாளி அன்னதானம் போடுகிறார். கூலிங் கிளாஸ் போட்ட போலீஸ் சென்னையிலிருந்து வந்து ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடிக்கிறது. வெளியே வரும்போது ஒருத்தன்: "ட்விஸ்ட் செம்மடா, அந்தக் கெழவன நெனைக்கவே இல்ல." மில் முதலாளியைக் கொலைகாரனாகக் காட்டத் தைரியம் இல்லை. அதற்குப் பெயர் ட்விஸ்ட்.

என் மார்க்:
ஏரியைக் காட்டியது: நன்று. பொய் சொல்ல மாட்டேன்.
பாட்டு: எதற்கு?
கதாநாயகி: நாவலில் டிராக்டர் ஓட்டுவாள். இங்கே ஓடுகிறாள், கத்துகிறாள், விழுகிறாள்.
கதை: முட்டை.

இன்னொன்று இருக்கிறது. இன்று எழுத மாட்டேன்.

பிப். 2, திங்கள்

பனி குறைவு. பால் சொசைட்டியில் வரிசை. எனக்கு முன்னால் கோவிந்து அண்ணன்.

வரிசையில் ஒருத்தர்: "இன்னா கோவிந்து, அடுத்து யார் கழுத்து?"

இன்னொருத்தர்: "நொச்சி ரெடியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவர் பால் ஊற்றும்போது கொஞ்சம் கீழே சிந்தியது. நான் கேனைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். வாயை என்ன வாடகைக்கா விட்டிருந்தேன்?

வீ.கா. சேதராப்பட்டு கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து வந்தார். சொன்னேன். "படந்தான, வுடுடி" என்றார். சாம்பாரில் உப்பு இல்லையென்றால் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் மனுஷன் என்னை விடச் சொல்கிறார்.

பிப். 4, புதன்

நேற்று எழுதவில்லை. தலைவலி. பூச்சி மருந்து இன்னும் வாங்கவில்லை.

அந்த இன்னொன்று. கோவிந்து அண்ணனுக்கு ஒரு வழக்கம். தண்ணீர் பாய்ந்து முடிந்த வயலின் வாயை அடைத்துவிட்டு, வாய்க்கால் ஓரத்து நொச்சியில் ஒரு கொத்து ஒடித்து அங்கே நடுவார். இந்த வயலுக்கு முறை முடிந்தது, இனி யாரும் திறக்கக் கூடாது. எவ்வளவு பெரிய பண்ணைக்காரரும் அதற்குக் கட்டுப்படுவார்.

படத்தில் கொலைகாரன் ஒவ்வொரு பிணத்தின் கையிலும் நொச்சிக் கொத்து வைக்கிறான்.

நாவலில் நொச்சியே கிடையாது. சொன்னது நான். ஷூட்டிங் சமயத்தில் உதவி இயக்குநர் என்று ஒரு பெண், நம் வீட்டில் காபி குடித்துக்கொண்டே, "புக்குல இல்லாதது எதுனா இருக்காக்கா?" என்று கேட்டாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. வயலுக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். படத்தில் நொச்சி வந்ததும் கௌரியின் தொடையைத் தட்டி "நான் சொன்னதுடி" என்றும் சொன்னேன். அப்போது பிணம் இன்னும் திரையில் வரவில்லை.

திங்களிலிருந்து அவர் நொச்சி நடுவதில்லை. இன்று கீழ்வாய்க்காலில் ஒரே வயலுக்கு இரண்டு முறை தண்ணீர் போய், இரண்டு வீட்டுக்காரர்கள் மண்வெட்டியைத் தூக்கிவிட்டார்கள். பழி அவர் மேல். கௌரி சொல்கிறாள்: "எம் மருமவ தனியா கயனிக்குப் போவ மாட்டன்றா. ஏரிச் சங்கத்துல வேற ஆளப் போடப் போறாங்களாம். நாளான்னிக்கிக் கூட்டம்."

முப்பது வருஷமாக மதகு காத்த மனுஷன். ஒரு படத்துக்காக வேறு ஆளாம்! தட்டை எடுத்து வீசலாம் போலிருந்தது. யார் மேல் வீசுவது? என் மேலேயேதான்.

பிப். 5, வியாழன்

நம் முறை. ஆறு மணிக்கே வயலில். கோவிந்து அண்ணன் தண்ணீரைத் திருப்பிவிட்டு மண்வெட்டியோடு தள்ளி நின்றார். எப்போதும் வரப்பில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவர். நான் பயப்படுவேன் என்று தள்ளி நிற்கிறார்! அழுகை வந்துவிட்டது.

"அண்ணே, அந்த நொச்சி விஷயத்த சொன்னது நான்தான்."

"தெரியும்மா. நீ சொல்லித்தான அந்தப் பொண்ணுக்கு நானே ஒடிச்சிக் காட்டனன்."

"எனக்குத் தெரியாதுண்ணே, இப்பிடிப் பண்ணுவாங்கன்னு."

மண்வெட்டியால் வரப்பைத் தட்டிவிட்டார். "நீ கதை சொன்ன இல்ல, மதகுக்காரன்தான் கண்டுபுடிப்பான்னு. அத நம்பி சம்பந்தி வூட்டுக்காரங்கள எல்லாம் இட்டுகினு போனன். பெரிய பொண்ணு, மாப்ள, எல்லாரும். எட்டு பேரு."

 

தண்ணீர் நிரம்பியது. வாயை அடைத்தார். நான் நொச்சியை ஒடிக்கப் போனேன்.

"வாணாம்மா. எவனாச்சும் போட்டோ புடிப்பான்."

"புடிக்கட்டும்ண்ணே."

நட்டேன். கோணலாக நின்றது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வந்து, பிடுங்கி, நேராக நட்டுவிட்டு மண்ணை மிதித்தார்.

நாளை காலை பத்து மணிக்குச் சங்கக் கூட்டம். பெண்கள் போகிற வழக்கம் இல்லை. நாவலைப் பையில் வைத்துவிட்டேன்.