குருவிக்கு விட்ட பள்ளி

ஓபர்ன், சிட்னி
12.06.2011

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். புத்தளத்து வெக்கையில் உங்கள் கால் வீக்கம் வற்றியதா? இங்கே குளிர். எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் வேலை செய்யும் பேக்கரியின் முதலாளி ஹிக்மெத் துருக்கிக்காரர். அவருடைய ஊர்ப் பள்ளிவாசலின் படத்தைக் கடையில் மாட்டியிருக்கிறார். இஸ்தான்புல்லில் சுல்தான் கட்டியது, இருநூற்றைம்பது வருஷப் பழசு. பெரிய குவிமாடம், ஒற்றை மினாரா. சுவரின் உச்சியில் கல்லில் செதுக்கிய குட்டிப் பள்ளி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் தொழவா என்று கேட்டுவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். அது குருவிகள் மழையில் நனையாமல் இருக்கக் கட்டிய வீடாம்.

"உங்கள் ஊர்ப் பள்ளியில் குருவிக்கு என்ன செய்தீர்கள்?" என்றார்.

"நாங்கள் முழுப் பள்ளியையும் குருவிக்கே விட்டிட்டு வந்தனாங்கள்" என்றேன்.

"மாஷா அல்லாஹ், எவ்வளவு பெரிய மனசு!" என்று என்னைக் கட்டிப்பிடித்தார்.

தொண்ணூறில் புலிகள் இயக்கம் நம்மை யாழ்ப்பாணத்திலிருந்து துரத்திய கதையை அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்ல? துரத்தியவர்களும் நம்மைப் போலத் தமிழ் பேசியவர்கள்தான் என்றால் நம்புவாரா? இருபது வருஷமாகப் புத்தளத்திலும் நமக்கு அகதி என்றுதான் பெயர். அந்தச் சுல்தானின் குருவியாகப் பிறந்திருக்கலாம்.

இப்போது அவர் நம் பள்ளியின் படம் கேட்கிறார். சண்டை முடிந்து பாதைதான் திறந்துவிட்டதே, தம்பி யாழ்ப்பாணம் போனால் ஒன்று எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மா பொங்கிவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகன்
நிஸ்தார்

கூரை மிஞ்சியிருக்கும் பக்கமாகப் பார்த்து எடுக்கட்டும், உம்மா.