டாக்கெட் வீட்டுக் கேட்டைத் திறந்தது யார்

ஏப்ரல் 14, ஞாயிறு

தேவாலயம் முடிந்ததும் அக்கா வெல்டாவை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மாட்டுக்கொட்டகைச் சுவர்களில் மாட்டியிருக்கும் பலகைகளைத் தேடிப் படமெடுக்கத்தான். துணித்துண்டுகளை இணைத்துத் தைக்கும் ஒட்டுப்போர்வையின் வடிவங்களைத் தீட்டிய பலகைகள். இன்று 'பறக்கும் வாத்துகள்', அப்புறம் 'குடிகாரன் நடை'. அதைப் பார்த்ததும் அக்கா, "உன் பழைய புருஷன் ஞாபகமா வரைஞ்சிருக்காங்க பாரு" என்றாள். வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தோம்.

டாக்கெட் பண்ணையின் 'கரடிப்பாதம்' சாலையிலிருந்து தெரியவில்லை, மரங்கள் மறைக்கின்றன. வீட்டில் யாரும் இல்லை. கேட்டைத் திறந்து உள்ளே போய்ப் படம் எடுத்தேன். எல்லாம் சிவப்பு, ஒரு நகம் மட்டும் நீலம். மழை பிடித்துக்கொண்டது. ஓடி வந்து வண்டியில் ஏறினேன்.

ஏப்ரல் 18, வியாழன்

தீவனக் கடையில் பேச்சு. ஞாயிறு மாலை டாக்கெட்டின் சினைக் கிடாரி சாலைக்கு வந்து பால் லாரியில் அடிபட்டுச் செத்துவிட்டது. கேட் திறந்து கிடந்ததாம். "அவர் சம்சாரம் நோலாதான் மூட மறந்திருக்கும். அந்தம்மாவுக்கு இப்பல்லாம் எதுவும் நினைவு நிக்கிறதில்லையே" என்றார் கடைக்காரர்.

கோழித்தீவனம் வாங்காமலே வந்துவிட்டேன்.

கொக்கியைப் போட்டேனா? போட்டேன். இல்லை — மழையில் ஓடினேன். கொக்கியில் கை பட்ட நினைவே இல்லை.

ஏப்ரல் 19

அக்காவிடம் கேட்டேன். "நீ ஓடி வந்ததைப் பாத்தேன். மூடினதைப் பாக்கலடி. சும்மா இரு, செத்த மாடு திரும்பியா வரப்போகுது?"

ஏப்ரல் 21, ஞாயிறு

பலகை தேடி எங்கும் போகவில்லை. தேவாலயத்தில் நோலா எனக்கு முன் வரிசை. புருஷன் கார்பின் டாக்கெட் அவளிடமிருந்து வண்டிச் சாவியைப் பிடுங்கி வைத்துவிட்டாராம். லெக்சிங்டன் நகரத்தில் இருக்கும் மகளிடம் அனுப்பிவிடப் பேச்சு நடக்கிறது. வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "மூடினேன்னுதான் நெனச்சேன். இப்ப என் கையையே என்னால நம்ப முடியல."

நான் பக்கத்தில்தான் நின்றேன். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு. வாயைத் திறக்கவில்லை. சீ.

ஏப்ரல் 22

சோளரொட்டி கருகிவிட்டது. தின்னவும் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 23, செவ்வாய்

டாக்கெட் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் இருவரும் இருந்தார்கள். உட்காரக்கூட இல்லை. "அன்னைக்கு உங்க கேட்டைத் திறந்தது நான்தான். மூடாம ஓடிட்டேன்."

கார்பின் நோலாவைப் பார்த்தார். "அன்னையிலேருந்து இவளைத் திட்டிக்கிட்டிருக்கேன்" என்றார். பிறகுதான் கோபம் வந்தது. "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவ நீ. ஒரு கேட்டை மூடத் தெரியாதா?"

நோலா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நான் இல்லைன்னு சொன்னேனா இல்லையா?"

"அப்ப அடுப்பை எரியவிட்டுட்டுத் தூங்கினது? அதுவும் இவதானா?" என்றார் கார்பின்.

"அது நான்தான். அதை என் தலையில போடு. கிடாரியைப் போடாதே."

பிறகு என்னைப் பார்த்தாள். அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "படம் நல்லா வந்துச்சா?" என்று கேட்டாள். பலகையைத் தீட்டும்போது சிவப்பு தீர்ந்துபோனதால்தான் அந்த நகத்துக்கு நீலம் அடித்தாளாம்.

கிடாரிக்கு ஈடு தருகிறேன் என்றேன். கார்பின் வாசலைக் காட்டினார்.

மே 5, ஞாயிறு

மகளிடம் அனுப்பும் பேச்சு நின்றுவிட்டதாம். சாவி மட்டும் நோலாவுக்குத் திரும்பவில்லை, டாக்டரே வண்டி ஓட்ட வேண்டாம் என்றாராம். அதற்கும் நான்தான் காரணம் என்று தோன்றுகிறது. இல்லையென்றும் தெரியும். தெரிந்து என்ன?

மே 24

கார்பின் போன் செய்தார். "செவ்வாய்க்கிழமை நான் சந்தைக்குப் போகணும். இவளோட இருக்க ஆள் வேணும். உன்னைத்தான் வரச் சொல்றா." குரலில் பிரியமில்லை. வருகிறேன் என்றேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

செவ்வாய்தோறும் நோலாவோடு இருக்கப் போகிறேன்; இன்று லெக்சிங்டன் மகள் வந்திருந்தாள். என் பெயர் நோலாவுக்கு மறந்துபோய்க் கொஞ்ச நாளாகிறது. ஆனாலும் என் கையைப் பிடித்து அழைத்துப்போய் மகள் முன்னால் நிறுத்தினாள். "இவதான் கேட்டைத் திறந்து போட்டவ. நான் இல்ல."

"ஆமாம், நான்தான்" என்றேன்.

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நோலா எனக்குக் காபி ஊற்றினாள்.